அம்மாவின் முதுகு

அம்மாவின் முதுகு அந்த வெள்ளைச் சுவரில் மாட்டியிருந்தது. குழல்வாய்மொழிக்கு முதலில் அது படம் என்றே உறைக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி சட்டென்று நின்றாள், திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை, மறுபடியும் சுவரைப் பார்த்தாள், முதுகு அங்கேயேதான் இருந்தது, ஈரம் சொட்டும் வெறும் முதுகு, ஒரு பக்கமாக இழுத்து முன்னால் போட்டிருந்த முடி, துவைகல்லின் மேல் உட்கார்ந்த இடுப்பின் கனம். சுற்றிலும் ராயப்பனின் படங்கள். ராயப்பனைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள், இனி அவனைச் சுவரில்தான் பார்க்க முடியும், அவன் போய் இரண்டு வருஷமாகிறது. பேப்பரில் வந்த நாலு வரியை வீட்டுக்காரர் கத்தரித்து மேசையில் வைத்திருந்தார், உன்கூடப் படிச்சவர்தானே, அம்பது வருஷப் படத்தையும் ஒண்ணா வைக்கிறாங்களாம், போய்ட்டு வாயேன், முழங்காலுக்கு அந்த பெல்ட்டைக் கட்டிக்கிட்டுப் போ. புதன்கிழமை, காலை பதினொரு மணி, கூட்டம் இருக்காது என்று வந்தாள். கூட்டம் இல்லைதான். முதல் அறையில் ஓவியக் கல்லூரிக் காலத்து ராயப்பன், தார் பூசிய மாதிரி கறுப்புக் கோடுகள், மீனின் எலும்பும் மனிதனின் எலும்பும் ஒன்றாகக் கிடக்கும் கடற்கரைகள், எல்லாமே அவளுக்குத் தெரிந்தவை, சிலதை அவன் வரைந்துகொண்டிருந்தபோது பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றிருக்கிறாள். ஆகவே ஒரு புன்சிரிப்போடுதான் இரண்டாவது அறைக்குள் நுழைந்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கிறதா இல்லையா என்று இப்போது தெரியவில்லை, கன்னம் மரத்துப்போயிருந்தது. படத்துக்கு எதிரே நீளமாக ஒரு மர பெஞ்சு. அதில் போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் சின்ன அட்டை ஒன்று இருந்தது. அதைப் படிக்க எழுந்து போக வேண்டும், படிக்கும் கண்ணாடியை மாற்ற வேண்டும், இரண்டும் பெரிய வேலைகளாகத் தோன்றின, இருந்தாலும் போனாள். ஜே. ராயப்பன். பின்புறம் திரும்பிய பெண். 1978. ஆயில், கான்வாஸ். குடும்பத்தினரின் சேகரிப்பு. ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எழுபத்தெட்டு என்றால் அவளுடைய பெரியவனுக்கு இரண்டு வயது, அவள் பெரம்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாங்காயும் மண்பானையும் குடையும் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், எழுபத்தெட்டில் அவள் பிரஷ்ஷையே தொடவில்லை. அப்படியானால் இது அவள் வரைந்தது இல்லையோ. ராயப்பன் அவளுடையதைப் பார்த்து இன்னொன்று வரைந்திருப்பானோ. அவனால் முடியும். அவன் எதைப் பார்த்தும் எதையும் வரைவான். ஒரு நிமிஷம் அந்த எண்ணம் நிம்மதியாகக்கூட இருந்தது, யாருடைய பொருளோ, நமக்கென்ன, பார்த்துவிட்டுப் போகலாம். ஆனால் முதுகுத்தண்டின் மேல் ஒரு பச்சைக் கோடு இறங்குகிறதே. தோள்பட்டைகளுக்கு நடுவே ஆரம்பித்து இடுப்புச் சேலையில் போய் ஒளிந்துகொள்ளும் கோடு. பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் கொல்லைக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு வாழை நின்றது, தண்ணீர் போய்ப் போய் ஆள் உயரத்துக்கு இலை விட்ட வாழை, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அம்மா துவைகல்லில் உட்கார்ந்து தலை துவட்டும்போது அந்த இலையின் பச்சை ஈர முதுகில் விழும். அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், சமையலறை ஜன்னலின் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையில் பழைய நோட்டின் பின்பக்கத்தோடு. அந்தப் பச்சை ட்யூபில் மிச்சமிருந்தது ஒரு குண்டுமணி அளவு, கத்தரிக்கோலால் ட்யூபை வகுந்து, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, அந்தக் கோட்டை விரலால்தான் போட்டாள். பிரஷ்ஷின் தடம் அதில் இருக்காது. எட்டிப் பார்த்தாள். இல்லை. வலது கை சுட்டுவிரல் தானாகக் கட்டைவிரலோடு சேர்ந்து உரசிக்கொண்டது, ஐம்பத்தோரு வருஷத்துக்கு முந்தைய பிசுபிசுப்பைத் தேடுவது போல.

என்னுடையது என்று யாரிடமாவது போய்ச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள், வாசலில் சீருடை போட்ட காவலர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் சொல்ல முடியாது, உள்ளே யாராவது அதிகாரி இருப்பார்கள், எழுபத்துமூன்று வயதுக் கிழவி ஒருத்தி முழங்காலில் பெல்ட்டோடு நொண்டிக்கொண்டு போய், ஐயா, அந்தப் படம் நான் வரைஞ்சது என்றால் அவர்கள் முதலில் நாற்காலி போடுவார்கள், பிறகு தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு கூட யாராவது வந்திருக்காங்களாம்மா என்று கேட்பார்கள். வீட்டு நம்பர் கேட்பார்கள். வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து வருவார், பாவம், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவார். அவருக்கே தெரியாது. கல்லூரியில் படித்தாள் என்று தெரியும், என்ன வரைந்தாள் என்று அவர் கேட்டதில்லை, அவள் சொன்னதில்லை, அவர் நல்லவர், மின்வாரியத்தில் இருந்தவர், எங்கே கரண்ட் போனாலும் எந்த ட்ரான்ஸ்பார்மர் என்று சொல்லிவிடுவார். நிரூபிக்க என்ன இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. அந்த நாளில் அவர்கள் யாருமே போட மாட்டார்கள், அது ஒரு திமிர். அம்மா இருந்தாலாவது இது என் முதுகு என்று சொல்லலாம், அம்மாவும் போய் நாற்பத்துமூன்று வருஷம், அம்மாவுக்கே அவள் முதுகு எப்படி இருக்கும் என்று தெரியாது, யாருக்குத்தான் தெரியும். வீட்டில் அம்மாவுக்கு ஒரு போட்டோ இருக்கிறது, ஸ்டுடியோவில் எடுத்தது, யாரோ அதட்டி உட்காரவைத்த மாதிரி கண்ணை அகலமாக விரித்துக்கொண்டு மாலைக்குள்ளிருந்து பயந்து பார்க்கும் ஒரு பெண். வருஷம் போகப் போக அம்மா என்று நினைத்தாலே அந்தப் பயந்த முகம்தான் வந்தது. உண்மையான அம்மாவுக்குப் பயமே கிடையாது. கொல்லையில் தனியாக உட்கார்ந்து தலை துவட்டும் அரைமணி நேரம் அவள் யாருக்கும் பெண்டாட்டியும் இல்லை, அம்மாவும் இல்லை, தொண்டைக்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு, ஈரத்துண்டால் முடியை அடிக்கும் சத்தம் பட், பட் என்று. அந்த அம்மா எங்கே போனாள் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். இங்கே இருந்திருக்கிறாள்.

நாலைந்து பேரை அழைத்துக்கொண்டு ஒருவர் வந்தார், ஐம்பது வயது இருக்கும், கதர் ஜிப்பா, நரைத்த குறுந்தாடி. வாசல் பலகையில் படம் போட்டிருந்ததே, இந்தக் காட்சியைத் தொகுத்தவர், சம்பத். அவர்கள் படத்தை மறைத்துக்கொண்டு நின்றதால் குழல்வாய்மொழி பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "இதுதான் ராயப்பனோட திருப்புமுனை," என்றார் அவர். "போன ரூம்ல பாத்தீங்களே, அந்த முரட்டுக் கோடு, அந்தக் கோபம். அது இங்க வந்து அப்படியே இளகுது பாருங்க. எழுபத்தெட்டுல அவருக்குக் கல்யாணம். ஒரு பெண் அவர் வாழ்க்கைக்குள்ள வர்றா. இந்த முதுகைப் பாருங்க, காதலிக்கிற ஒருத்தனாலதான் இப்படிப் பாக்க முடியும்." யாரோ ஒரு பெண், ஆமா சார், என்னமோ பண்ணுது சார் என்றாள். குழல்வாய்மொழிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது, இரண்டும் சேர்ந்து இருமலாக வெளியே வந்தது. சம்பத் திரும்பி, தண்ணி வேணுமாம்மா என்று கேட்டார். அவள் நினைத்த மாதிரியே தண்ணீர். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அவர்கள் அடுத்த அறைக்குப் போனார்கள். காதலிக்கிற ஒருத்தனாலதான். அவர் சொன்னதில் தப்பில்லை, ஒருத்தன் என்பது மட்டும்தான் தப்பு.

ராயப்பா, நீ ஏண்டா இப்படிப் பண்ணினே. அவள் மனசுக்குள் அவனை அப்படித்தான் கூப்பிட முடியும், இருபது வயதில் கூப்பிட்ட மாதிரி. தூத்துக்குடியிலிருந்து ஒரு தகரப்பெட்டியோடு வந்தவன், உப்பு படிந்த மாதிரி வெளுத்த சட்டை, வகுப்பில் யாரோடும் பேச மாட்டான், அவளிடம் மட்டும் பென்சில் கடன் கேட்பான், திருப்பிக் கொடுக்க மாட்டான். சாயங்காலம் ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்து வருவான், வழியில் ஒரு டீக்கடை, ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஊற்றச் சொல்வான், ரயில் கிளம்பும் வரை நிற்பான், கை ஆட்டத் தெரியாது, சும்மா நிற்பான். அது என்னவென்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை, ஏதோ ஒன்று இருந்தது என்று நினைத்தால் இருந்தது, இல்லையென்றால் இல்லை. அப்படிப்பட்டவன் அவளுடைய படத்தைத் தன்னுடையது என்று வீட்டில் மாட்டிக்கொள்வானா. ஒருதடவை கேட்டிருக்கலாம். எண்பத்தைந்தில் ஒரு கண்காட்சியில் அவனைப் பார்த்தாளே. அப்போது அவனுக்குப் பெயர் வந்துவிட்டது, டெல்லி, பரோடா என்று போய்வந்தவன், அவளைப் பார்த்ததும் கூட்டத்தை விட்டுவிட்டு வந்தான். வரையிறியா குழலி என்றான். பிள்ளைங்களுக்கு மாங்கா வரையச் சொல்லித் தர்றேன் என்றாள், வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. கொஞ்சநேரம் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் வீட்டுக்கு வா, உனக்கு ஒண்ணு காட்டணும் என்றான். வர்றேன் என்றாள். போகவில்லை. பரீட்சைத் தாள் இருந்தது, சின்னவனுக்கு அம்மை போட்டிருந்தது, அப்புறம் மழை வந்தது, அப்புறம் போகாமல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. அவன் காட்ட நினைத்தது இதைத்தானா. அவன் நின்ற நிற்பு, செருப்பைப் பார்த்த பார்வை, எல்லாம் திரும்பி வந்து மார்பில் எங்கோ சிக்கிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை.

அதைவிடக் கஷ்டமான ஒன்று கீழே இருந்தது, அவள் அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருந்தாள், குளிர்ந்த தண்ணீரில் கால் வைக்கத் தயங்குகிற மாதிரி. படம் நன்றாக இருந்தது. சுமாராக இல்லை, அந்த வயதுக்குப் பரவாயில்லை என்பதும் இல்லை. அந்த அறையில் இருந்த பதினாலு படங்களில் பத்துப் படங்களைவிட நன்றாக இருந்தது. ஐம்பது வருஷமாக அவள் யார்மீதும் குறை சொன்னதில்லை. அப்பா தடுக்கவில்லை, வீட்டுக்காரர் தடுக்கவில்லை, பிள்ளைகள் தடுக்கவில்லை. அவளாகத்தான் நிறுத்தினாள். ராயப்பனின் படங்களுக்குப் பக்கத்தில் தன்னுடையதை வைத்துப் பார்த்தாள், இவன் ஓவியன், நான் பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிறவள் என்று முடிவு செய்தாள், யாரும் சொல்லாமல் தானே எடுத்த முடிவு, அதில் ஒரு பெருமைகூட இருந்தது, தன்னைப் பற்றிப் பொய் சொல்லிக்கொள்ளாதவள் என்று. அந்த முடிவின் மேல்தான் மற்றதெல்லாம் கட்டியிருந்தது, கல்யாணம், வேலை, முப்பத்தோரு வருஷ மாங்காய்கள். பிள்ளைகள் யாராவது மாங்காயைக் கொஞ்சம் கோணலாக, உயிரோடு வரைந்துவிட்டால் அவள் ஒரு கணம் அப்படியே நிற்பாள், பிறகு குட் என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டுக்குப் போவாள். இப்போது இந்தச் சுவர் சொல்கிறது, நீ தப்பாக மார்க் போட்டிருக்கிறாய் டீச்சர். யாரிடம் போய் அழுவது. அழவும் வரவில்லை. அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு தலை துவட்டிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இதைப் பற்றியெல்லாம் ஒன்றும் இல்லை.

"இங்க உக்காரலாமா?"

பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். எழுபது இருக்கும், குட்டையான உருவம், வெளிர்நீலப் பருத்திச் சேலை, கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. பதிலுக்குக் காத்திராமல் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிப் பாதத்தை நீவிக்கொண்டாள்.

"காலைல இருந்து நிக்கேன். அந்த வாசப் பக்கம் இருந்து உங்களப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அரைமணி நேரமா இந்தப் படத்தவே பாக்கீங்க. ஒடம்பு சரியில்லையோன்னு நெனச்சேன். நர்ஸா இருந்தவ, பழக்கம் போகல. நான் லூர்து. ராயப்பன் வீட்டுக்காரி."

குழல்வாய்மொழிக்கு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. "நான் அவர்கூடப் படிச்சேன்," என்றாள். "குழல்வாய்மொழின்னு பேரு."

"குழலியா!" லூர்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெட்டச்சடை போட்டுக்கிட்டு, காலேஜ் போட்டோல ஓரமா நிப்பீங்களே! அவுக எத்தன தடவ சொல்லிருக்காக தெரியுமா? என்கூட ஒருத்தி இருந்தா லூர்து, என்னைவிட நல்லா வரைவா, பிரஷ்ஷக் கீழ வச்சுட்டுப் போய்ட்டாம்பாக. சொல்லிட்டு அன்னைக்குப் பூராவும் யார்கூடயும் பேச மாட்டாக."

என்னைவிட. குழல்வாய்மொழி அந்த வார்த்தையைக் கேட்டாளா, கேட்ட மாதிரி நினைத்துக்கொண்டாளா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. அதற்குள் லூர்து கையை விட்டுவிட்டுப் படத்தின் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் குரல் மாறியிருந்தது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். இந்த வயசுல எனக்கு ஒண்ணும் ஆயிராது. இது யாரு?"

குழல்வாய்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கல்யாணம் முடிஞ்சு அந்த வீட்டுக்குள்ள கால வைக்கேன், கட்டிலுக்கு எதுத்தாப்ல இவ உக்காந்திருக்கா. யாரு இதுன்னு கேட்டேன். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்னாக. அம்புட்டுத்தான். நாப்பத்தஞ்சு வருசம். அந்தச் சம்பத்து சார் இது நான்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டுத் திரியுதாரு. எனக்கு ஏது இம்புட்டு முடி? இவ இடுப்பும் என் இடுப்பும் ஒண்ணா? வருசத்தையும் அவராத்தான் போட்டாரு. நான் வந்தப்பவே இருந்துச்சுன்னு சொன்னேன், அவரு நான் வந்த வருசத்தப் போட்டுட்டாரு. யாரு இவ? உங்க வகுப்புல இருந்தவளா? அவுக மனசுல இருந்தவளா? உயிரோட இருக்காளா, அதையாவது சொல்லுங்க."

உண்மையைச் சொன்னால் இவளுக்கு வலிக்கும் என்றுதான் குழல்வாய்மொழி சம்பத் பேசியதிலிருந்தே இவளைப் பார்க்காமலேயே இவளுக்காகப் பயந்துகொண்டிருந்தாள், ராயப்பனின் மனைவி இதைத் தன் படம் என்று நம்பிக்கொண்டிருப்பாள், அதைப் பிடுங்க நான் யார் என்று. பிடுங்குவதற்கு ஒன்றுமே இல்லை. இந்தக் குட்டை உருவம் நாற்பத்தைந்து வருஷம் ஒவ்வொரு காலையும் கண்விழித்ததும் யாரோ ஒருத்தியின் முதுகைப் பார்த்திருக்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம், அது ரொம்பச் சுலபம், அவள் வாழ்க்கை முழுக்க அதைத்தான் செய்திருக்கிறாள்.

"எங்க அம்மா," என்றாள்.

லூர்து திரும்பினாள். "என்னது?"

"எங்க அம்மாதான். உலகம்மாள்னு பேரு. பெரம்பூர்ல எங்க வீட்டுக் கொல்லை."

"உங்க அம்மாவ அவுக எப்ப வரைஞ்சாக?"

"அவர் வரையல லூர்தம்மா. நான் வரைஞ்சேன். எழுபத்துமூணுல. கல்லூரி முடிஞ்ச அன்னிக்கு அவர்கிட்ட குடுத்துட்டுப் போனேன்."

லூர்து வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. குழல்வாய்மொழிக்குப் பதறியது, அழுகிறாள், அழவைத்துவிட்டேன், என்ன சொல்லித் தேற்றுவது. கையை எடுத்தபோது லூர்து சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், காவலர் தலையை நீட்டிப் பார்க்கும் அளவுக்கு.

"உங்க அம்மாகூடயாக்கா நான் இம்புட்டு வருசமா சண்ட போட்டேன்! மாதாவே! என்னவெல்லாம் பேசிருக்கேன் தெரியுமா அவுங்கள? ஒருநா கோவத்துல படத்தக் கழத்தித் திருப்பி வச்சேன். அந்தப் பக்கமாவது மூஞ்சி தெரியாதான்னு. அந்தப் பக்கம் வெறுந்துணி!" சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கடைசியா ஆஸ்பத்திரில கெடக்கும்போதுகூடக் கேட்டேன். இனிமேயாவது சொல்லுங்களேன்னேன். கைய எடுத்துக் கும்பிட்டாக. வாக்கு லூர்துன்னாக. அப்படி யாருக்கு என்ன வாக்கக் குடுத்தாகளோ."

அப்போதுதான் அது வந்தது. கல்லூரியின் சாமான் அறை, ஏப்ரல் மாதப் புழுக்கம், டர்பன்டைன் வாடை, அவள் கையில் சுருட்டிய படங்கள், இது ஒன்று மட்டும் சட்டத்தில் அடித்தது, வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது. ராயப்பா, இதை நீயே வச்சுக்கோ. எங்க அம்மா இதைப் பாத்தா உயிரை விட்டுடுவாங்க, முதுகு பூரா தெரியுது. இது யாரு, யாரு வரைஞ்சதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு. அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். என் பொணம்கூடச் சொல்லாது என்றான். அவள் சிரித்தாள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள், ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் அதை மறந்தும் போனாள், பேச்சுக்குச் சொன்னது, அந்த வயதில் ஒரு நாளைக்குப் பத்து சத்தியம் வாங்குவோம். அவன் மறக்கவில்லை. எட்டு வருஷத்தில் அம்மாவும் போய்விட்டாள், அதை அவனுக்குச் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை, இனி சொல்லலாம் என்று விடுவிக்க யாரும் இல்லாமல் அவன் அந்த ஒற்றை வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு, கட்டின மனைவியின் சந்தேகத்தையும் தாங்கிக்கொண்டு, கடைசிப் படுக்கையில் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறான். இவ்வளவு நேரமும் அவள் அவனைத் திருடன் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். ராயப்பா, ராயப்பா. அழுகை வந்தேவிட்டது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

"நான்தான் வாங்கினேன்," என்றாள். "அந்தச் சத்தியத்தை நான்தான் வாங்கினேன் லூர்தம்மா. வாங்கினதையே மறந்துட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

லூர்து அவள் முதுகில் கை வைத்தாள், நோயாளியின் முதுகில் வைக்கிற மாதிரி, உள்ளங்கை முழுதும் படும்படி. "நீங்க என்ன பண்ணுவீக. அவுகளச் சொல்லணும். கிறுக்கு மனுசன். பொண்டாட்டிகிட்ட சொன்னா வாக்கு கெட்டாபோவும்?" அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை, என்னமோ கர்வம் மாதிரி இருந்தது. "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன். நீங்களும் அவுகளும்..."

"டீ குடிச்சிருக்கோம்," என்றாள் குழல்வாய்மொழி. "ஒரு டீயை ரெண்டு கிளாஸ்ல."

லூர்து அவளைக் கூர்ந்து பார்த்தாள், அந்தப் பதிலுக்குள் இருப்பதை எடைபோடுவது போல. பிறகு தலையை ஆட்டினாள். "சரி. அம்புட்டு இருந்துட்டுப் போவுது. வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

கையைப் பிடித்து எழுப்பி அடுத்த அறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே எண்பதுகளின் ராயப்பன், தொண்ணூறுகளின் ராயப்பன், பெரிய பெரிய படங்கள், உப்பளங்கள், படகுகள், சுமை தூக்குகிறவர்கள். லூர்து விரலை மட்டும் நீட்டினாள். படகின் அடியில் ஒரு பச்சைக் கோடு. சுமை தூக்குகிறவனின் கழுத்தோரம் ஒரு பச்சைக் கோடு. உப்புக் குவியலின் நிழல் விளிம்பில், மெல்லிசாக, விரலால் போட்டது. குழல்வாய்மொழி ஒவ்வொன்றாக நின்று பார்த்தாள். அவன் அவளுடைய படத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளவில்லை, அதோடு குடியிருந்திருக்கிறான், தினமும் அதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறான், பெரம்பூர் வாழையின் பச்சை தூத்துக்குடி உப்பளம் வரைக்கும் போயிருக்கிறது. அவள் மாங்காய் திருத்திக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம் அவளுடைய விரல் இங்கே நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. இதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியுமா தெரியவில்லை, துக்கம் என்றும் சொல்ல முடியவில்லை, நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் இடம் விட்டது, அவ்வளவுதான்.

லூர்து சம்பத்தைக் கூப்பிட்டு நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள், நடு அறையில், சத்தமாக. அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. "மேடம், கேட்டலாக் அச்சாயிடுச்சு. அட்டையிலயே இந்தப் படம்தான். ஏதாவது ஆதாரம் இருந்தா..."

"பெத்த தாயோட முதுகு மகளுக்குத் தெரியாதா? நாப்பத்தஞ்சு வருசமா தெனமும் பாத்தவ நான், அது நான் இல்லன்னு சொல்லுதேன். இதுக்கு மேல என்ன ஆதாரம்?"

அவர் குழல்வாய்மொழியைப் பார்த்தார், பிறகு போய்ப் படத்தின் முன் நின்றார், வெகுநேரம் நின்றார். திரும்பி வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது. "அந்தப் பச்சைக் கோடு... விரலாலயா?"

"ட்யூப் காலி. வேற வழியில்ல," என்றாள்.

அவர் ஜிப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார். "உங்க பேரை எப்படி எழுதணும்? இப்போதைக்குக் கையால எழுதி ஒட்டறேன். நாளைக்கு அச்சடிச்சிடலாம். வருஷத்தையும் சொல்லுங்க." அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"படம் உங்களுதுக்கா," என்றாள் லூர்து, திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும். "எல்லாம் முடிஞ்சதும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க." அதைச் சொன்னபோது அவள் படத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், விரல்கள் சிலுவையைத் தேடிப் பிடித்துக்கொண்டன. குழல்வாய்மொழி தன் வீட்டை நினைத்தாள், எந்தச் சுவர், டி.வி.க்கு மேலேயா, அந்த மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்திலா. அவர்கள் இருவரையும் நினைத்தாள், கட்டிலில் ஒருத்தி, சுவரில் ஒருத்தி. "வேண்டாம்," என்றாள். "அப்புறம் நீங்க யார்கூடச் சண்டை போடுவீங்க? அங்கேயே இருக்கட்டும். நான் வந்து பாத்துக்கறேன்."

"வரணும். வர்றேன்னுட்டு வராம இருக்கப்பிடாது."

"வருவேன்."

அவள் எழுந்து படத்தின் அருகில் போனாள், இப்போதுதான் பயமில்லாமல், முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். துண்டைப் பிடித்திருந்த இடது கையின் முழங்கை. அது இருக்க வேண்டிய இடத்தைவிட ஒரு அங்குலம் கீழே இருந்தது, மேல்கை நீண்டுவிட்டது, எப்படி இதைப் பார்க்காமல் விட்டேன், அம்மாவுக்கு இவ்வளவு நீளக் கை ஏது. சுட்டுவிரல் நீண்டது. அம்மா, தொடக் கூடாது என்று காவலர் எழுந்தார்.

"என்ன?" என்றாள் லூர்து.

"இந்த முழங்கை தப்பு. திருத்தணும்."

"கைய வைச்சுப் பாருங்க சொல்லுதேன்! அந்த முழங்கைய எனக்கு மனப்பாடமா தெரியும். ஒரு பொட்டு மாத்தக் கூடாது. அம்புட்டு கை அரிச்சா வேற ஒண்ணு வரைய வேண்டியதுதான."

வரையணும்தான் என்று குழல்வாய்மொழி சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. பெயின்ட் எங்கே விற்கிறார்கள் இப்போது, கை நடுங்குமே, உட்கார முடியுமா, யாரை வைத்து வரைவது.

"அவுக என்னைய ஒருதடவகூட வரைஞ்சது கெடையாது," என்றாள் லூர்து, யாரிடமோ சொல்வது போல. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னைய வரையணும்னா மூஞ்சியோட வரையணும், சொல்லிட்டேன். முதுகப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

குழல்வாய்மொழி அந்த முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் பேசியும் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கண்ணாடி அழுத்தி அழுத்தி மூக்கின் இரு பக்கமும் விழுந்த பள்ளம், இடது கன்னத்து எலும்பு வலதைவிடக் கொஞ்சம் மேலே, சிரித்த ஈரம் காயாத இமை, மேலுதட்டில் ஒரு சின்ன வெட்டுக்காயத்தின் தழும்பு, அதைச் சுற்றித்தான் அந்தச் சிரிப்பே வளைகிறது. பைக்குள் கை விட்டாள். வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு ஒன்றும் பேனாவும் அகப்பட்டன. சீட்டைத் திருப்பி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க லூர்தம்மா," என்றாள். "வெளிச்சம் விழட்டும்."